ஒரு காத்தாடி என்ன இழுத்துரும்

கொம்பையா சாகக் கிடந்த வீட்டில் மட்டும் கரண்ட் போனாலும் காத்தாடி நிற்பதில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவை அன்னபாக்கியத்தின் கோழிகள். சித்திரை வெயில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை வழியாக வீட்டுக்குள் இறங்கிப் பானைத் தண்ணீரைக்கூடச் சுட வைக்கும் மத்தியான நேரத்தில், வெள்ளைத்திட்டு காலனியின் அத்தனை வீட்டிலும் கரண்ட் போய், அத்தனை காத்தாடியும் ஓய்ந்து, விடியுமுன்பே உப்பளத்தில் இறங்கி வேலை முடித்து வந்த ஆணும் பெண்ணும் ஈரத் துண்டை மாரில் போட்டுக்கொண்டு வாசலில் விழுந்து கிடக்கையில், கோழிகள் மட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவைக் கடந்து, கொம்பையாவின் இரும்புக் கட்டிலுக்கு அடியில் போய் இறக்கையை விரித்துப் படுத்துக்கொண்டன. கோழிகளைத் தேடிக்கொண்டு போன அன்னபாக்கியம் அண்ணாந்து பார்த்தாள். அவசரமே இல்லாமல், பழைய காத்தாடிகளுக்கே உரிய முனகலோடு, அது சுற்றிக்கொண்டிருந்தது.

“என்ன மயினி, ஊருக்கே கரண்ட் இல்ல. ஒங்க வீட்டுல மட்டும் எங்கருந்து இழுக்கு?” என்றாள்.

பட்டுராணி மாமனாரின் கடைவாயை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் படுக்கையில் விழுந்ததிலிருந்து வாசலுக்கு வருகிற எல்லோரும் கேட்கிற கேள்வி, இன்னும் மூச்சு இழுக்குதா என்ற ஒன்றுதான் என்பதால், இவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே பதில் சொன்னாள்.

“எங்கருந்து இழுக்காவளோ தெரியல. இழுத்துக்கிட்டேதான் கெடக்காவ.”

சொன்ன பிறகுதான் அவளும் அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து கிழவரின் நெஞ்சைப் பார்த்தாள். நெஞ்சுக்கூடு மேலே எழும்பும்போது காத்தாடி வேகம் எடுத்தது, மூச்சு தொண்டையில் சிக்கி நின்றபோது தயங்கியது, அடுத்த மூச்சை அவர் இழுத்ததும் மறுபடி சுற்றியது. அன்னபாக்கியத்தின் புருசன் ஒயரிங் வேலை பார்க்கிறவன். அவன் வந்து சுவிட்சை அணைத்தான், மெயினை அணைத்தான், பிறகு மீட்டரைப் போய்ப் பார்த்தான். மீட்டரின் சிவப்பு விளக்கு கண் சிமிட்டவே இல்லை. “பெரியவருதான் இழுக்காரு” என்று சொல்லிவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனான்.

காலனியில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. ஊருக்கெல்லாம் உப்பு வாரிக் கொடுத்துவிட்டுக் குடிதண்ணீருக்கு லாரிக்குக் காத்திருப்பவர்கள், மேற்கே அடிவானம் பூராவும் காற்றாலைகள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருட்டில் சோறு தின்கிறவர்கள், அந்தக் காற்றாலைகளைப் ‘பெரிய காத்தாடி’ என்று பிள்ளைகளுக்குக் காட்டி, ஆனி பிறந்து காற்று எழும்பினால்தான் அது சுத்தும் மக்கா என்று சமாதானம் சொல்லித் தூங்க வைக்கிறவர்கள், இப்படிப்பட்ட மனிதர்களுக்கு ஒரு கிழவரின் மூச்சில் ஒரு காத்தாடி சுற்றுவது நம்ப முடியாத விஷயமாகப் படவில்லை. இது ஏன் முன்பே தோன்றவில்லை என்றுதான் சிலர் கேட்டார்கள்.

கொம்பையா வாழ்நாளெல்லாம் பாத்தியில் நின்று உப்பு வாரியவர். வாரிக்கொண்டிருந்த இடத்திலேயே ஒருநாள் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். அன்றிலிருந்து அவர் போகவும் இல்லை, இருக்கவும் இல்லை. ஆசை எதிலோ நிற்கிறது என்று பெரியவர்கள் சொன்னபடி, பட்டுராணி எல்லாம் செய்து பார்த்தாள். பால் ஊற்றினாள். மண்ணாசையாக இருக்கும் என்று அவர் பிறந்த ஊரிலிருந்து ஒரு பிடி மண் கொண்டு வந்து கரைத்து ஊற்றினாள். பொன்னாசையாக இருக்கும் என்று தன் கம்மலை உரசி அந்தத் தண்ணீரை ஊற்றினாள். அவர் எல்லாவற்றையும் மரியாதையாக விழுங்கிவிட்டு மறுபடி இழுத்தார். புருசன் லிங்கதுரை குவைத்தில் ஏசி மாட்டுகிற கம்பெனியில் இருந்தான். அவளுக்குத் துணைக்கு ஒன்பது வயது மகள் சுபிக்ஷா மட்டும்தான். பாரமாகக் கிடந்த மாமனாரை அதுவரை வாசலோடு விசாரித்துவிட்டுப் போன சனம், காத்தாடி விஷயம் தெரிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது.

வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. உடம்பெல்லாம் வேர்க்குரு பொரிந்து கத்துகிற கைக்குழந்தையோடு வந்தவளை எப்படிப் போ என்பது? பாத்தியில் நின்று கால் வெந்து வந்தவளை எப்படிப் போ என்பது? கட்டிலைச் சுற்றி நெருங்கிப் படுத்துக்கொண்டு, காற்று முகத்தில் பட்டதும் அவர்கள் கிழவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தி அவர் காலைப் பிடித்துவிட்டாள். ஒருத்தி கஞ்சி கொண்டு வந்தாள். உப்பளத்தில் யாரும் அவரைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, இப்போது ‘சாமி’ என்றார்கள். பட்டுராணிக்கு அது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவளும் மனுஷிதானே.

ஆனால் அந்தச் சின்ன அறைக்குள் எத்தனை பேர் படுப்பது? அன்னபாக்கியம்தான் ஆரம்பித்து வைத்தாள்.

“மயினி, ஒரு ஒயர மட்டும் அந்தக் கட்டில் காலுல சுத்திக்கிடுதோம். எங்க வீட்டுக் காத்தாடி ஒண்ணு ஓடட்டும். ஒரு காத்தாடி என்ன இழுத்துரும்?”

நியாயமான கேள்வி. மிக்சி இழுக்கும், கிரைண்டர் இழுக்கும், அயர்ன்பாக்ஸ் பேயாக இழுக்கும், பாவம் காத்தாடி என்ன இழுத்துவிடும்? பட்டுராணி சரி என்றாள். அன்னபாக்கியத்தின் புருசன் கம்பத்தில் கொக்கி போடுகிற அதே சுறுசுறுப்போடு வந்து, இரும்புக் கட்டிலின் காலில் ஒயரைச் சுற்றி, வாசல் வழியாக இழுத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். அந்த வீட்டிலும் காத்தாடி சுற்றியது. மறுநாள் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், ஒரு காத்தாடி என்ன இழுத்துரும் என்றாள். அதற்கடுத்த வீட்டுக்காரன் வந்தான், ஒரு காத்தாடிதான மயினி என்றான். எதிர்வரிசை வந்தது, பின்தெரு வந்தது, எல்லோரும் ஒரே ஒரு காத்தாடிக்குத்தான் கேட்டார்கள், ஒருவர்கூட இரண்டு கேட்கவில்லை, அந்த விஷயத்தில் வெள்ளைத்திட்டு காலனிக்காரர்கள் மானஸ்தர்கள். வைகாசி பிறப்பதற்குள் கட்டிலின் நாலு காலும் ஒயர் சுற்றிச் சுற்றித் தடித்து, கிழவர் ஒயர்க்கட்டின் மேல் படுத்திருப்பதாகத் தெரிந்தார்.

பிறகு பல்பு போட்டார்கள். அத்தனை காத்தாடிக்கு ஓடுகிறவருக்கு ஒரு பல்பு என்ன பாரம் என்றார்கள். பிறகு போன் சார்ஜ் போட்டார்கள். லிங்கதுரை குவைத்திலிருந்து வீடியோவில் வந்தபோது, பட்டுராணி போனைக் கிழவரின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அந்தப் போனும் அவர் மூச்சில் சார்ஜ் ஏறியதுதான்.

“அப்பா எப்படிட்டி இருக்காவ?” என்றான் லிங்கதுரை.

“இழுத்துக்கிட்டு கெடக்காவ.”

“நான் வாரது வரைக்கும் பாத்துக்கோ ராணி. லீவு தர மாட்டேங்கானுவ. மொகத்தையாவது பாத்துரணும்” என்று அழுதான். அவள் தலையாட்டினாள்.

காலனிச் சங்கத்துக்கு வெயிலுமுத்து என்பவர் தலைவர். பேருக்கேற்ற மனிதர், பக்கத்தில் நின்றால் சுடும். அவரைத் தேடி ஐஸ் கம்பெனி முதலாளி ஒருவர் காரில் வந்தார். காலனியின் மீட்டரெல்லாம் அசையாமல் கிடக்கிறதாமே, அப்படியானால் அந்த டிரான்ஸ்பார்மர் உங்களுக்கு எதற்கு, எங்கள் கம்பெனிப் பக்கம் மாற்றிக்கொள்ளச் சம்மதம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் மாடன் கோயிலுக்கு முன்னால் இரும்புக் கொட்டகை போட்டுத் தருகிறேன் என்றார். வெயிலுமுத்து கூட்டம் போட்டார். கரண்ட் நமக்கு என்றைக்கு ஒழுங்காக வந்தது என்று ஒருவர் கேட்டார். பெரியவர் ஒருநாளாவது ‘கட்’ ஆகியிருக்கிறாரா என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் கைதட்டினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். டிரான்ஸ்பார்மரைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது, பிள்ளைகள் பின்னாலேயே ஓடி டாட்டா காட்டிவிட்டு வந்தார்கள். நாளைக்கு நாலு ஆள் தூக்கப்போகிற ஒரு உடம்பை நம்பி ஊரே தன் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிக் கொடுத்த கூத்து வேறெங்கும் நடந்திருக்காது.

அந்த வாரத்தில்தான் கொம்பையா பேசினார்.

பட்டுராணி அவருக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். அவர் உதட்டை அசைப்பது தெரிந்து காதைக் கொண்டுபோய் வைத்தாள்.

“ராணி. அளத்துத் தண்ணி.”

“என்ன மாமா?”

“நம்ம பாத்தித் தண்ணி. ஒரு கரண்டி ஊத்தும்மா. போயிருதேன்.”

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். மண்ணைக் கரைத்தாள், பொன்னை உரசினாள், ஆனால் ஆயுசு பூராவும் உப்பில் நின்ற மனிதனின் ஆசை உப்பில்தான் நிற்கும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, அறிவுரை சொன்ன பெரியவர்களுக்கும் தோன்றவில்லை. வாயில் வைத்தால் குமட்டுகிற அந்தத் தண்ணீரை யார் ஆசை என்று நினைப்பார்கள்? வாசலில் இருந்து பத்து எட்டு வைத்தால் பாத்தி. ஒரு கரண்டி முகந்து வர எவ்வளவு நேரமாகும்?

“கொண்டாரேன் மாமா” என்று சொல்லிவிட்டு எழுந்தவள், வாசலில் நின்றாள். தெரு நெடுக ஒயர்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் காத்தாடி முனகுவது கேட்டது. புருசனுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. நாளைக்குப் பார்ப்போம் என்று திரும்பி உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்க்காமல் சோறு பொங்கினாள்.

அவருக்கு இப்போது வலித்தது. ஒன்றிரண்டு காத்தாடி சுற்றியபோது மூச்சு சாதாரணமாகத்தான் போய் வந்தது, ஊரே சுற்றத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புகள் பிரிந்து பிரிந்து சேர்ந்தன, கண் விழிகள் மேலே ஏறி இறங்கின. யாரோ ஒருவர் வீட்டில் எப்போதும் காத்தாடி ஓடியதால் அவருக்குத் தூக்கம் என்பதே இல்லாமல் போனது. பட்டுராணி வீடு வீடாகப் போனாள். ரெகுலேட்டரை ரெண்டில் வையுங்கள், ஆளில்லாத அறையில் நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள். எல்லோரும் அய்யோ பாவம் என்று உச்சுக்கொட்டி, அவள் கண்ணெதிரிலேயே அஞ்சிலிருந்து ரெண்டுக்குத் திருப்பினார்கள். அவள் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடி அஞ்சுக்குப் போவதை, வீட்டுக்குள் நுழைந்ததும் கிழவரின் விலாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

அன்னபாக்கியத்திடம் மட்டும் மனம் விட்டுச் சொல்லி அழுதாள். “எனக்குப் பாக்க முடியல மயினி. இப்படியே இவுகளப் போட்டுக் கொல்லுதோமே. போறவுகளப் போவ விட்டுருவோமா?”

அன்னபாக்கியம் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஆறுதலாகத்தான் பேசினாள், அதில் வஞ்சம் எதுவும் இல்லை. “அழாத மயினி. போனா போறாவ. கல்யாணச் சாவுதான? அதுக்கப்புறம் ஊரு என்ன இருண்டா போவும்? அதான் நம்ம சுபிக்கு இழுப்பு இருக்குல்லா. சின்ன உசுரு, நல்லா இழுக்கும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பட்டுராணியின் கண்ணீர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

சுபிக்குக் கைக்குழந்தையிலிருந்தே இழுப்பு. ஓடினால் வரும், அழுதால் வரும், அளத்துப் புழுதி பறந்தால் வரும். வந்துவிட்டால் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் கேட்கும், கழுத்துக்குழி உள்ளே போய்விடும். பெரியாஸ்பத்திரியில் கொடுத்த பம்பை வாயில் வைத்து அமுக்கினால்தான் அடங்கும். பட்டுராணிக்கு ஒரு விஷயம் தெரியும், அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. போன வாரம் இழுப்பு வந்து பிள்ளை சுருண்டு படுத்திருந்தபோது, பரணில் கிடந்த உடைந்த டேபிள் காத்தாடி தூசியை உதிர்த்துக்கொண்டு லேசாகத் தலையைத் திருப்பியது. அவள் அதைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, கழிப்பிடத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பாத்தித் தண்ணீரைப் பற்றி அவள் நினைக்கவே பயந்தாள். கிழவர் கேட்டார், நாளைக்கு மாமா என்றாள். மறுபடி கேட்டார், கேட்காததுபோல் இருந்துகொண்டாள். அவர் இழுக்கிற வரைக்கும்தான் தன் பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஊரிலேயே அவர் நீண்ட நாள் இழுக்க வேண்டும் என்று அதிகமாக ஆசைப்பட்டவள் கடைசியில் அவள்தான், அவரைக் கழுவித் துடைத்து அவருக்காக அழுகிறவளும் அவள்தான். இந்த ரெண்டும் ஒரே வயிற்றுக்குள் கிடந்து அவளைத் தின்றன.

மாடன் கோயில் கொடைவிழா வந்தது. புதுக் கொட்டகைக்கு அடியில் பந்தல் போட்டு, மைக்செட் கட்டி, சீரியல் லைட்டால் மாடனுக்குக் கையும் காலும் வாளும் வரைந்து, ஐஸ்கிரீம் வண்டிக்குக்கூட ஒரு ஒயர் கொடுத்தார்கள். எல்லாம் அந்தக் கட்டில் காலிலிருந்துதான் போனது. ஊர்வலம் வீட்டைக் கடந்தபோது கும்பாட்டக்காரி தலையில் கும்பத்தோடு நின்று ஆடி, ‘சாமி’யின் பாதத்துக்கு மாலை போட்டுவிட்டுப் போனாள். விடிந்தபோது பட்டுராணி மாமனாரைப் பார்த்தாள். மேல்தோல் எலும்போடு ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கத்து ஒயர் தெரிகிற அளவுக்கு அவர் மெலிந்துவிட்டிருந்தார். வாய் திறந்தே கிடந்தது. அவர் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார், அவ்வளவுதான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

முதலில் பிள்ளையை அனுப்பினாள். பள்ளிக்கூட லீவுதானே, விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் இருந்துவிட்டு வரட்டும் என்று ஊருக்குச் சொன்னாள். அக்காவே வந்து கூட்டிப் போனாள். பஸ் ஏறும்போது சுபி, “தாத்தாவுக்கு யாரும்மா கத சொல்லுவா?” என்று கேட்டது. “நான் சொல்லுதேன், நீ போ” என்றாள். பஸ்ஸின் புழுதி அடங்கியதும் நேராக உப்பளத்துக்குப் போய், கொம்பையா கடைசியாக வாரிய பாத்தியில் இறங்கி, ஒரு கரண்டி தண்ணீர் முகந்துகொண்டு வந்தாள்.

“மாமா, நம்ம பாத்தித் தண்ணி” என்றாள்.

அவர் அதைச் சப்புக்கொட்டிக் குடித்தார். நாக்கைச் சுழற்றி உதட்டு ஓரத்தில் இருந்ததையும் சேர்த்துக்கொண்டார். முகத்தில் கூலி வாங்கிய நாளின் நிம்மதி வந்தது. ஒரு மூச்சை வெளியே விட்டார், அதைத் திரும்ப இழுக்கவில்லை.

அவள் அழ வாயைத் திறப்பதற்குள் ஊரே அமைதியானது. வீடு வீடாகக் காத்தாடிகள் வேகம் குறைந்து, முனகி, கடைசியாக ஒரு அரைச்சுற்றுச் சுற்றி நின்றன. ஒயர்கள் போன வழியே ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் அழுதார்கள். உண்மையாகத்தான் அழுதார்கள், யாருக்காக என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை அது.

வெயிலுமுத்து குவைத்துக்குப் போன் போட்டார். லிங்கதுரை லீவு வாங்கிக் கிளம்பிவிட்டான், வந்து சேர ரெண்டு நாளாகும், அதுவரை அப்பாவை வைத்திருங்கள் என்று கதறினான். அந்த வெயிலில் ரெண்டு மணி நேரம்கூட வைத்திருக்க முடியாது. வாடகைக்கு ஐஸ்பெட்டி கொண்டு வரச் சொன்னார்கள். கண்ணாடிப் பெட்டி வந்து இறங்கி, கொம்பையாவை உள்ளே கிடத்தி, ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு, சொருக இடமில்லாமல் பெட்டிக்காரன் நின்றான். டிரான்ஸ்பார்மர் இருந்த இடத்தில் நாலு போல்ட்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அன்னபாக்கியத்தின் புருசன் பழக்க தோஷத்தில் அந்த ஒயரையும் வாங்கிக் காலிக் கட்டிலின் காலில் சுற்றி வைத்தான். பெட்டிக்குள் ஆவி பிடித்தது. பெண்கள் பனையோலை விசிறியால் பெட்டிக்கு வெளியே வீசிக்கொண்டிருந்தார்கள், எதற்கென்று அவர்களுக்கே தெரியவில்லை.

பட்டுராணி எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். பிள்ளை ஊரில் இல்லை. இங்கே யார் என்ன பேசினாலும் பேசட்டும். ஆனால் அவள் அக்கா என்பவள் முறை தெரிந்தவள். பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்காமல் ஒரு தாத்தாவை அனுப்பலாமா, நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று, சாவுச் செய்தி காதில் விழுந்த நிமிஷமே சுபியை இழுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். பட்டுராணி அவசரத்தில் எல்லாம் சொல்லி அனுப்பியவள், எது நடந்தாலும் திரும்பக் கூட்டி வராதே என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல முடியாத விஷயமும் அது. அக்கா வந்த வேகத்தில் பிள்ளையின் பையைத் தன் வீட்டிலேயே விட்டுவிட்டாள், பம்பு அந்தப் பைக்குள் இருந்தது.

சுபி பெட்டியைப் பார்த்தது. தாத்தா எப்போதும் படுத்திருக்கும் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்து, “தாத்தா” என்று கத்தி அழுதது. அழுகையோடு இழுப்பு வந்தது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்தியது, கழுத்துக்குழி உள்ளே போனது.

ஐஸ்பெட்டி ‘ங்’ என்று உறுமித் தொடங்கியது.

ஒப்பாரி நின்றது. பெண்கள் பெட்டியைப் பார்த்தார்கள், பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு மேலே பார்த்தார்கள். காத்தாடி ஒரு சுற்றுச் சுற்றியது. ஒருத்தியின் நெற்றியில் ஒட்டியிருந்த முடி லேசாக அசைந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“புள்ள அங்கயே இருக்கட்டும் மயினி” என்றாள் அன்னபாக்கியம், மிக மென்மையாக.

பட்டுராணி பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கினாள். பெட்டியின் உறுமல் அடங்கியது. வெயிலுமுத்து முன்னால் வந்தார்.

“ஏம்மா ராணி, நில்லு. யாரும் ஒண்ணும் செய்யப் போறதில்ல. ஒம் புருசன் வந்து அப்பன் மொகத்தப் பாக்க வேண்டாமா? ரெண்டே நாளு. புள்ள கட்டில்ல சும்மா உக்காந்திருந்தாப் போதும்.”

“அதுக்கு மூச்சு முட்டுது அண்ணாச்சி. பம்பு இல்ல. செத்துப் போயிரும்.”

“அதெல்லாம் ஒண்ணும் ஆவாதும்மா. பெரியவரு எத்தன வீட்டுக்கு இழுத்தாவ? இது ஒரே ஒரு பெட்டிதான. என்ன இழுத்துரும்?”

அக்காவும் தலையைத் தலையை ஆட்டினாள். “மாமனாருக்குச் செய்யுத மரியாத ராணி” என்றாள். போனில் லிங்கதுரையைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். கூப்பிட்டால் அவனும் அப்பன் முகத்தைக் கேட்டு அழுவான் என்று பட்டுராணிக்குத் தெரியும், பிள்ளைக்கு எப்படி இழுக்கிறது என்று அங்கிருந்து அவனுக்குத் தெரியாது என்பதும் தெரியும். பெட்டிக்குள் கொம்பையாவின் முகத்தில் வேர்வை மாதிரி நீர் கோத்திருந்தது. அவள் அதை ஒருமுறை பார்த்தாள். மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். பிறகு ஒன்பது வயதுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, பிணம் வெளியேறாத வீட்டிலிருந்து மருமகள் வெளியேறினாள்.

அப்படி ஒரு காரியத்தை அந்த ஊரில் யாரும் செய்ததில்லை. பின்னாலிருந்து ஏசினார்கள், மண்ணை வாரித் தூற்றினார்கள், அக்கா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். யாரும் துரத்தி வரவில்லை, வெயில் அப்படி. காத்தாடியே இல்லாத இடம், ஒயரே இல்லாத இடம் வேண்டும் அவளுக்கு. ரோட்டுப் பக்கம் போனால் கடைகள், கடைக்குள் காத்தாடிகள். அதனால் உப்பள வரப்பில் இறங்கி மேற்கே நடந்தாள். ரெண்டு பக்கமும் பாத்திகள் வெள்ளையாகக் கண்ணைக் குத்தின. காற்று என்பதே இல்லை. இடுப்பில் பிள்ளை விசில் ஊதுவதுபோல் மூச்சை இழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் மக்கா, அழாத, அழுதா கூடும், மெதுவா இழு, மெதுவா விடு என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். காலனியின் கூரைகள் மறைந்தன. கம்பங்கள் மறைந்தன. சுற்றிலும் உப்பைத் தவிர ஒன்றுமில்லாத இடம் வந்ததும் வந்த வழியைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, முதுகை நீவினாள். இங்கே இழுத்தால் இழுக்கட்டும், இந்த மூச்சு பிள்ளைக்கு மட்டும்தான் போகும் என்று நினைத்தபோது, காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அவளுக்கு வந்தது.

சுபி அம்மாவின் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

“அம்மா, பெரிய காத்தாடி சுத்துது.”

பட்டுராணி திரும்பினாள். ஆனி பிறக்காமல் அசையாது என்று அவள் கணக்கிலேயே எடுக்காத காற்றாலைகள் மேற்கே வரிசையாக நின்றன. அதில் முன்னால் நின்ற ஒன்றின் றெக்கை மெதுவாகக் கீழே இறங்கி நின்றது. சுபி மூச்சை இழுத்தது. அது மறுபடி சுற்றியது. அதற்குப் பக்கத்தில் இருந்ததும் சுற்றியது. அதற்கடுத்ததும்.

எங்கேயோ, அவள் பார்த்தே இராத ஊரில், யார் யார் வீட்டிலோ காத்து வரத் தொடங்கியிருக்கும். அவள் பிள்ளையின் முகத்தைத் தன் மாரோடு அழுத்தித் திருப்பிக்கொண்டாள்.

“காத்துடி” என்றாள். “காத்து அடிக்குல்லா, அதான் சுத்துது.”

அவள் முந்தானை தோளில் அசையாமல் கிடந்தது.